முதல் பூசணிக்காய் யாருக்கு?

மாரிசாமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். விடிந்தால் ஆயுத பூசை. உயிரே போனாலும் இந்த ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. உயிர் போகாமல் இருக்கத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

காலில் ஆணி குத்திப் புண்ணாகி, சர்க்கரை வேறு சேர்ந்துகொண்டு, பாதம் பூரி போல உப்பியிருந்தது. மத்தியானம் டாக்டர் வினிதா கட்டுப் பிரித்துப் பார்க்க வந்தபோது அவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, நான் போறேன். என்னைய யாரும் கட்டி வைக்க முடியாது. போறது என் உரிமை. எனக்குச் சட்டம் தெரியும்."

அவருக்குத் தெரிந்த சட்டமெல்லாம் பக்கத்துக் கட்டில்காரர் காலையில் சொன்னதுதான்.

"ஆமாங்கய்யா, உங்க உரிமைதான்" என்றாள் வினிதா.

மாரிசாமிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கு வந்தவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தால் எப்படி இருக்கும்?

"ஆனா கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. உள்ள சீழ் இன்னும் வத்தல. நரம்புல மருந்து ஏறிக்கிட்டே இருக்கணும். இப்ப நிறுத்தினா விரலை எடுக்க வேண்டி வரலாம். இதெல்லாம் தெரிஞ்சே என் இஷ்டத்துல போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. முடியலன்னா எப்ப வேணா திரும்பி வாங்க, பார்ப்போம்."

"ஒரு விரலு போனா என்னம்மா? பூசணிக்காயைக் கையாலதான உடைக்கிறேன்?"

பூசணிக்காய் கதையைச் சொல்லியாக வேண்டும். ஓசூர் சிப்காட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூசை அன்று லேத்துப் பிரிவில் முதல் பூசணிக்காயை, யாருடைய டோக்கன் நம்பர் மூத்ததோ அவர்தான் உடைப்பார். ரிட்டயர் ஆனாலும் அவர்தான். கோவில்பட்டியிலிருந்து வந்த மாரிசாமியின் டோக்கன் நாற்பத்தொன்று; பிரிவிலேயே மூத்தது. உள்ளூர்க்காரன் கங்கப்பனுடையது நாற்பத்திரண்டு.

வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டில் வரிசை. முன்னால் நின்றவன் கங்கப்பன்தான். "குரு, இடத்தைப் பாத்துக்க, ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனான். ஓசூர்ப் பக்கம் கூட்டாளியை 'குரு' என்பார்கள். மாரிசாமி இடத்தைப் பார்த்துக்கொண்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டார். அந்த இடத்திலேயே போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து கங்கப்பனுக்குக் கோபம்.

மாரிசாமிக்கு என்ன கோபம்? ஒரு வருஷம் அவர் அம்மா காரியத்துக்கு ஊருக்குப் போக, கங்கப்பன் உடைத்தான். காய் சில்லுச் சில்லாகத் தெறித்ததாம். அதைக் கேண்டீன்காரன்கூட இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தப் பேச்சு அவர் காதில் ஈயமாக இறங்கியிருந்தது.

அவர் மனைவி ராசாத்தி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அழுவாள், காலைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு ஒரு பெரிய பேச்சையே தயார் செய்து வைத்திருந்தார்.

"நான் கிளம்பறேன், ராசாத்தி."

"கிளம்புங்க."

"என்னது?"

"உங்க காலு, உங்க உரிமை. விரல் போச்சுன்னா செருப்பு பாதி விலைக்குத் தருவானான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"உனக்கு விளையாட்டா இருக்கு. நான் போகலன்னா அந்தக் கங்கப்பன் உடைப்பான்."

"அப்ப அவரு உடைக்கலன்னா?"

"உடைக்கலன்னா நான் எதுக்குப் போறேன்? இங்கயே கிடக்கேன்."

"வேற யாராச்சும் உடைச்சா?"

"யாரு வேணா உடைக்கட்டும். அவன் உடைக்கக் கூடாது."

"யாரு வேணா?"

"யாரு வேணாலும்ங்கேன்!"

"உங்க பழைய லேத்து மேல சத்தியம் பண்ணுங்க."

குலசாமி மேல் என்றால் மாரிசாமி கொஞ்சம் முன்னே பின்னே பேசுவார். லேத்து மேல் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார். செய்தார். ராசாத்தி ஒரு சுளையை அவர் வாயில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் ராசாத்தி பட்டுச்சேலையில் வந்து, "கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னாலேயே வார்டு வாசலில் கங்கப்பன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஸ்டூலை இழுத்து வழியை மறித்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீ எங்கடா இங்க? பூசைக்குப் போகல?"

"எப்படிப் போவேன்? நீ கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வரப்போறியாம். என் வீட்டுக்காரி செல்லி சொல்லிட்டா. நான் அங்க போய்க் காயைத் தூக்கற நேரத்துல நீ ஆட்டோல வந்து இறங்கி, 'என் டோக்கன் நாப்பத்தொண்ணு'ம்ப. அத்தனை பேர் முன்னாடி நான் காயைக் கீழ வைக்கணுமா? பூசை முடியற வரைக்கும் உன்னை விட்டு நகரமாட்டேன், குரு."

மாரிசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவன் இங்கே இருந்தால் அங்கே எப்படி உடைப்பான்? இவனை இங்கேயே இருத்திவைக்க வேண்டும். உடனே ஒரு காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கப்போட்டு, கிளம்புகிறவர் போலச் செருமினார். கங்கப்பன் ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டான்.

எவ்வளவு நேரம்தான் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருப்பது?

"சாமந்தி மாலை போட்டிருப்பாங்க இந்நேரம்" என்றார் மாரிசாமி.

"மெஷினைக் குளிப்பாட்டற வேலை உனக்கு, பொட்டு வைக்கற வேலை எனக்கு."

"நீ வச்ச பொட்டு எல்லாம் கோணல்."

"ஓசூர் குளிருல கை நடுங்கும்டா. அப்பல்லாம் ஃபேன் எதுக்கு? பனியில எதிர்ல வர ஆள் தெரியாது. ஒரே ஸ்வெட்டரை நீ பகல் ஷிப்டு, நான் ராத்திரி ஷிப்டுன்னு போட்டுட்டுத் திரிஞ்சோமே."

"ஸ்வெட்டர் கைல ஓட்டை போட்டுத் திருப்பிக் குடுத்த."

"பீடி நெருப்புடா அது. உன்னோடது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனி பஸ்ஸில் குடும்பத்தோடு போவார்கள். பிள்ளைகளைத் தூக்கி மெஷின் மேல் உட்காரவைத்து, "அப்பா இங்கதான் நிப்பேன்" என்று காட்டுவார்கள். கட்டிங் ஆயில் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். பொரிப் பொட்டலம் பிரிக்கும்போது உலகத்தில் ஒரு குறையும் இருக்காது. பெண்கள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். அதைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி ரூல். அவர்கள் நின்ற இடத்திலிருந்து ஆம்பிளைகளின் முதுகு மட்டும்தான் தெரியும்.

பேச்சு வளர்ந்தது. ட்ரிப்ஸ் ஒரு பாட்டில் முடிந்து இன்னொன்று மாற்றினார்கள். வினிதா வந்து பார்த்து, "சீழ் குறைஞ்சிருக்குங்கய்யா, விரல் தப்பிச்சது" என்று சொன்னதைக்கூட மாரிசாமி சரியாகக் கேட்கவில்லை. கங்கப்பன்தான் கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளி எழுந்தான்.

"பூசை முடிஞ்சிருக்கும்டா! நீயும் உடைக்கல, நானும் உடைக்கல. அப்ப யார்தான் உடைச்சாங்க?"

ராசாத்தியும் செல்லியும் உள்ளே வந்தார்கள். ராசாத்தியின் உள்ளங்கை இரண்டும் குங்குமச் சிவப்பு. செல்லியின் சேலையில் பூசணி விதை ஒட்டியிருந்தது.

"கோயிலுக்கா போன?" என்றார் மாரிசாமி.

"லேத்துக்குப் போனேன். நாப்பத்தொண்ணும் வரல, நாப்பத்திரண்டும் வரலன்னு மேனேஜர் முழிச்சாரு. அவங்க வீட்டாளுங்க நாங்க இருக்கோமேன்னோம். 'வாங்கம்மா'ன்னுட்டாரு. முதல்ல நான், அப்புறம் செல்லி. எத்தனை வருஷம் காய் வாங்கி, அதுல குழி தோண்டி, குங்குமம் அடைச்சுக் குடுத்திருக்கேன்? உடையறதைப் பாத்ததே இல்ல. இன்னிக்கு மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன்."

"எப்படி உடைஞ்சுது அக்கா?" என்று கங்கப்பனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கேண்டீன்காரர் சொன்னாரு, இந்த மாதிரித் தெறிச்சு அவரு பாத்ததே இல்லியாம்."

மாரிசாமி கட்டிலைவிட்டு இறங்கப் போனார். "இப்பவே கையெழுத்துப் போடறேன்! எனக்கு உரிமை இருக்கு!"

"இருக்கே. யாரு இல்லன்னு சொன்னா?" ராசாத்தி அவர் காலைத் தூக்கி மறுபடி தலையணை மேல் வைத்தாள். கையில் ஒட்டியிருந்த குங்குமத்தை அவர் நெற்றியில் துடைத்தாள். "ஆனா யாரு வேணா உடைக்கட்டும்னு லேத்து மேல சத்தியம் பண்ணியிருக்கீங்க. காலை நல்லா ஆத்திக்கிட்டு வாங்க. அடுத்த வருஷம் காய் வாங்கி, குழி தோண்டி, குங்குமம் அடைச்சு வைக்கிறது நீங்க ரெண்டு பேரும்தான்."