ஜாதிக்காய்ப் பாலும் என் வாத்தியார் வேலையும்

வீட்டில் ஒருவன் புதிதாகப் படித்து முடித்திருந்தால் மற்றவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்.

என் தங்கை பாக்கியத்துக்கு அப்போது ஏழு வயது. பேச்சு அதிகம் வராது. டம்ளர்களை வரிசையாக அடுக்குவாள். ஒன்றை நகர்த்தினால் வீடு ரெண்டாகும். இப்போது அதை ஆட்டிசம் என்கிறார்கள். அறுபதுகளின் தென்காசியில் அதற்குப் பெயரே கிடையாது. அவளுக்குத் தூக்கமும் கிடையாது, அதனால் அம்மாவுக்கும் கிடையாது.

எல்லாம் சாப்பாட்டுக் கோளாறு என்று நான் கண்டுபிடித்தேன். (எப்படி என்று கேட்காதீர்கள். வாத்தியார் டிரெயினிங் முடித்தவன் எதையும் கண்டுபிடிப்பான்.) அவள் சாப்பிடுவது தயிர்ச்சோறு, அப்பளம், பால், சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி, அவ்வளவுதான். பாலை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் நிறுத்தி, கீரையும் கஞ்சியும் வைத்தேன். அவள் தொடவில்லை. இரண்டே நாளில் அம்மா அகப்பையோடு வந்தாள்.

"ஏலே, பிள்ளையப் பட்டினி போடுததுக்கா ஒன்னப் படிக்க வச்சோம்? போலே அங்கிட்டு."

நான் அடங்குகிற ஆளா? குற்றாலத்தில் சாரல் காலம். அங்கே கடைக்கார அண்ணாச்சி ஒருவர், ஜாதிக்காயைப் பாலில் உரசிக் கொடுத்தால் தூக்கம் வரும் என்றார். "ஒரு அரிசி அளவு போதும் தம்பி" என்றும் சொன்னார். நான் ஒரு நாள் காலை, அம்மாவுக்குத் தெரியாமல் பாதிக் காயைப் பாலில் உரசி பாக்கியத்தின் முன்னால் வைத்தேன்.

அன்று மூன்று மணிக்கு இலத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்டர்வியூ. அப்பா கண் மங்கி மில் வேலையை விட்டிருந்தார். வீடே இந்த வேலையை நம்பிக் கிடந்தது.

பாக்கியம் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பழுப்பாக என்னவோ மிதந்தது. அதை அப்படியே என் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் எனக்கு வைத்திருந்த பாலை எடுத்துக் குடித்துவிட்டாள். (இதை அம்மா பார்த்துச் சொல்லித்தான் பிறகு தெரியும்.) நான் இன்டர்வியூ பதில்களை நெட்டுருப் போட்டபடி, எதிரே இருந்ததை மடமடவென்று குடித்தேன். சளியில் மூக்கு அடைத்திருந்தது. வாசனையாவது, மண்ணாவது.

இலத்தூரில் மேனேஜர் கேட்டார்: "வகுப்புல பிள்ளைக தூங்குனா என்ன செய்வீரு?"

பதில் எனக்கு நன்றாகத் தெரியும். "ஐயா" என்று ஆரம்பித்தேன். அடுத்து நான் கண் விழித்தது ஒரு பெஞ்சில். பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதில் வெளங்கிட்டு தம்பி. போயிட்டு வாரும்" என்றார் மேனேஜர்.

வீட்டில் உண்மையைச் சொன்னேன். அம்மா பாக்கியத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவள் அதைக் குடித்திருந்தால் என்று நினைத்ததும், மீதிப் பாதிக் காயைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் எறிந்தேன்.

பிறகு அம்மா சொன்னாள்: "காப்பி குடிக்காத ரெண்டு நாளும் பிள்ளை கொஞ்சம் அசந்து தூங்குனாளே. பட்டினி மயக்கமோ என்னமோ."

அன்றிலிருந்து காப்பி காலைக்கு மாறியது. பாக்கியம் கொஞ்சம் தூங்கினாள். கொஞ்சம்தான். நான் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பாக்கியத்துக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பால் கொடுத்தால் இன்றைக்கும் முதலில் என் முன்னால்தான் வைப்பாள். நான் ஒரு வாய் குடிக்க வேண்டும். பிறகு, தூங்குகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். (பேரப்பிள்ளைகள் கடிகாரம் பார்த்து நேரம் சொல்வார்கள்.) நான் விழித்திருக்கிறேன் என்று உறுதியான பிறகுதான் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அதற்குள் பால் ஆறிப்போயிருக்கும்.