முதலாளி ஊரில் இல்லை

ஹெல்மெட்டை எந்தப் பக்கமாக மாட்டுவது என்பதிலேயே சோபாக்கடைக்காரருக்கும் அவருடைய மைத்துனனுக்கும் தகராறு வந்துவிட்டது.

"மாமா, கூரா இருக்கிற பக்கம் பின்னாடி வரணும்."

"கூரா இருக்கிறதுதான்டா முன்னாடி போகணும். காத்தைக் கிழிக்க வேண்டாமா?"

"நீங்க சைக்கிளே ஓட்டப் போறதில்ல. எந்தக் காத்தைக் கிழிக்கப் போறீங்க?"

அதுவும் சரிதான். கடைக்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒரே ஒரு முறை ஏறினார். இறங்கியது சாக்கடையில். அதோடு சைக்கிளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது அதே சைக்கிள் அவர் பிழைப்பில் கைவைக்கப் பார்த்தது. தெருவில் சைக்கிள்களுக்குத் தனிப் பாதை போடப் போகிறார்களாம். அதற்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் என்று மாநகராட்சி பலகை வைத்திருந்தது. பாதை வந்தால் கடை வாசலில் வேன் நிற்க முடியாது. வேன் நிற்காவிட்டால் சோபா நகராது. மூன்று பேர் உட்காரும் சோபாவை யாரும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போவதில்லை.

"கடைக்காரங்க கத்தினா அவங்க காதுலயே வாங்க மாட்டாங்க மாமா. சைக்கிள் ஓட்டுறவரே எழுந்து 'எங்களுக்குப் பாதை வேண்டாம்'னு சொன்னா? திட்டம் அங்கேயே படுத்துடும்" என்றான் மைத்துனன். ஹெல்மெட்டை வாங்கி வந்ததும் அவன்தான். அவனுக்கு யோசனை வராத நாளே கிடையாது. அந்த வீட்டின் கஷ்டமே அதுதான்.

"நடிக்கணுமேடா" என்றார் கடைக்காரர்.

"வேற ஆளா நடிக்கிறது உங்களுக்கு என்ன புதுசா?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விற்ற சோபாவில் குறை சொல்லிக்கொண்டு யாராவது கடைக்குள் நுழைந்தால் போதும், கடைக்காரர் அடுத்த நொடியே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆளாகிவிடுவார். எங்கிருந்தோ தூசி தட்டும் துணி கைக்கு வந்துவிடும். குனிந்து எதையாவது துடைத்தபடி, "முதலாளி ஊர்ல இல்லீங்க. வந்ததும் சொல்றேன்" என்பார். வந்தவரின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். பார்த்தால் பாவமாக இருக்கும், பாவமாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அந்த வகையில் முதலாளி ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷமாகிறது.

கூட்டத்துக்கு அவர் ஹெல்மெட்டோடும், ஒரு காலில் மட்டும் மடித்துவிட்ட பேன்ட்டோடும் போனார். மேடையில் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி நின்றிருந்தார். நெட்டையான மனிதர். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, முனகியபடியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும், முதுகுல பிடிப்பு. சரி, சைக்கிள் ஓட்டுறவங்க யாராவது முதல்ல பேசுங்க."

கடைக்காரர் எழுந்தார். "நான் முப்பது வருஷமா இந்தத் தெருவுல சைக்கிள் ஓட்டுறேன் சார். இதுவரைக்கும் உடம்புல ஒரு கீறல் கிடையாது. இதுக்கு எதுக்குத் தனிப் பாதை? வீண் செலவு!"

முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கண் கலங்க எழுந்தார். பல் டாக்டர். தினமும் சைக்கிளில் கிளினிக் போகிறவர்.

"இந்தத் தெருவுலயா? முப்பது வருஷமா? போன வருஷம் மட்டும் நான் மூணு தடவை விழுந்தேன் சார். நீங்க சாதாரண மனுஷரே இல்ல!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதிகாரி கடைக்காரரையே உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"தெருவுலதான் சார். சர்ருன்னு போயிருப்பேன்."

"இல்லையே. நிதானமா பார்த்த மாதிரி இருக்கு." அதிகாரி முதுகைத் தடவிக்கொண்டார். "சரி, ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சைக்கிளோட வாங்க. இவர் முன்னாடி ஓட்டட்டும், மத்தவங்க பின்னாடி போங்க. அத்தனை பேரையும் பத்திரமா கொண்டு போய்ச் சேர்த்துட்டார்னா, பாதை வேண்டாம்னு நானே முடிச்சிடறேன்."

மைத்துனன் மட்டும் பின்வரிசையில் விசிலடித்தான்.

மறுநாளே கடைக்குள் பயிற்சி ஆரம்பமாயிற்று. தெருவில் பழகினால் மானம் போகுமே! சோபாக்களுக்கு நடுவே இருந்த சந்தில் மைத்துனன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, கடைக்காரர் ஏறி உட்கார்ந்தார். விட்டான். விழுந்தார். ஆனால் விழுந்த இடம் மெத்தென்று இருந்தது. மறுபடி ஏறி மறுபடி விழுந்தார். அதுவும் சுகமாகத்தான் இருந்தது. விழுந்தால் வலிக்க வேண்டும், அப்போதுதான் சைக்கிள் வரும். இவருக்குத் தூக்கம்தான் வந்தது.

பொழுது சாய்வதற்குள் அவருக்கு அடி ஒன்றும் படவில்லை. சோபாக்களில்தான் பலதுக்குக் கால் ஒடிந்திருந்தது.

"என்னடா இது, தொட்டாலே ஒடியுது?"

"நீங்க வாங்கிப் போடச் சொன்ன கட்டை அப்படி மாமா" என்ற மைத்துனன், ஒடிந்த கால் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டதும் கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

"மாமா, உங்களுக்கும் கால் ஒடிஞ்சிட்டா?"

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரரின் காலுக்கு மைத்துனனே கட்டுப் போட்டான். உள்ளே சோபாவுக்கு வைக்கும் ஸ்பாஞ்ச், வெளியே வெள்ளைத் துணி. வெள்ளை பாதியிலேயே தீர்ந்துபோனதால் கெண்டைக்கால் பக்கம் காபி நிறத்தில் பூப்போட்ட துணி வந்தது. ஓரமெல்லாம் அழகாக மடித்துத் தைத்து, முழங்காலில் ஒரு பொத்தானும் வைத்துவிட்டான்.

"பொத்தான் எதுக்குடா?"

"கை பழக்கம் மாமா. யாராவது கேட்டா பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிடுங்க. பாவம்னு ஊர்வலத்தையே தள்ளி வெச்சிடுவாங்க."

தெருமுனையில் ஐம்பது அறுபது சைக்கிள்கள் காத்திருந்தன. மைத்துனன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்த வீரரைப் பார்த்ததும் பல் டாக்டர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ! எங்க விழுந்தீங்க?"

"பாத்ரூம்ல" என்றார் கடைக்காரர்.

"சைக்கிள்ல" என்றான் மைத்துனன். அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபின், தன் மாமா பாத்ரூமில் விழுந்தார் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பாத்ரூம்ல சைக்கிள் ஓட்டினாரா?"

"இல்ல சார். பாத்ரூம் போற அவசரத்துல சைக்கிள்ல வந்தாரு. அதோ, அந்த சோபாக்கடை வாசல்ல..." சொல்லிக்கொண்டே கையை நீட்டிய மைத்துனன், நீட்டிய பிறகுதான் எங்கே நீட்டினோம் என்று பார்த்தான். கையைத் திரும்ப மடக்கவும் முடியவில்லை. "அங்க ஒரு வேன் நின்னுச்சு சார். அதுல மோதிட்டாரு."

கடைக்காரர் அவனைப் பார்த்த பார்வையில் ஹெல்மெட்டே உருகியிருக்கும்.

"முப்பது வருஷம் விழாதவரையே விழ வெச்சிருச்சே அந்தக் கடை!" என்று பல் டாக்டர் குமுறினார். "இதுக்கு மேலயும் பாதை வேண்டாமா?" கூட்டம் "வேணும், வேணும்" என்றது.

அதிகாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, காலில் போட்டிருந்த கட்டை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். அது உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது. பூப்போட்ட துணியை வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன கட்டு?"

"புது மாதிரி சார்" என்றார் கடைக்காரர்.

"எனக்குத் தெரிஞ்ச துணியா இருக்கே" என்றபடி நிமிர்ந்தார் அதிகாரி. அவர் குரல் மாறியிருந்தது. "அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கடை முதலாளி நேர்ல வரணும். 'ஊர்ல இல்ல'ன்னு யாரும் வந்து சொல்லக் கூடாது."

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடிபட்டவரும் முதலாளியும் எதிரெதிரே உட்கார வேண்டும். இருப்பதோ ஒரே ஆள்.

"உண்மையைச் சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"அதைத் தவிர வேற ஏதாவது வழி சொல்லு" என்றார் கடைக்காரர்.

வேறு வழி, கடைக்காரரின் கோட்டையும் மோதிரத்தையும் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தது. மோதிரம் லூசாக இருந்ததால் மைத்துனன் விரலை மடக்கியபடியே நடந்தான். கடைக்காரர் முன்வரிசையில், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதற்கும் அசையாதே, கடை வாசலில் ஓர் அங்குலம்கூட விட்டுத்தர மாட்டேன் என்று மட்டும் சொல் என்று அவனுக்குப் பாடம் நடத்தித்தான் அனுப்பியிருந்தார்.

"நீங்கதான் முதலாளியா?" என்றார் அதிகாரி.

"நானேதான் சார்." கோட்டுப் போட்டதும் மைத்துனனின் குரலே கனத்துவிட்டது.

"ஊர்லதான் இருக்கீங்களா?"

"இங்கேயேதான் சார் இருக்கேன். எங்கேயும் போறதே இல்ல."

"கடை விஷயத்துல நீங்க சொன்னா சொன்னதுதானே?"

"என் வாக்குதான் சார் கடை!"

முதல் தடவையாக அதிகாரி சிரித்தார். ரொம்ப நாள் தேடிய பொருள் கிடைத்தவர் சிரிப்பது போல இருந்தது.

அதற்குள் கூட்டம் மைத்துனன் மேல் பாய்ந்துவிட்டது. "ஈவு இரக்கம் இல்லாத கடை!" "வாசல் என்ன உங்க சொத்தா?" "உங்க சோபாவும் சரியில்ல, நீங்களும் சரியில்ல!"

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சோபாவைச் சொன்னதும் தாங்கவில்லை. அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உருவாக்கிய கடை. இரண்டு காலிலும் விறைப்பாக எழுந்து நின்றார்.

"அந்தக் கடையைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது! அது தங்கமான கடை! அதோட முதலாளி தங்கமான மனுஷன்! எனக்குத் தெரியும்!"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"தன் காலை ஒடிச்சவருக்காக வலியை மறந்து எழுந்து நிக்கிறாரே!" என்று பல் டாக்டர் விம்மினார்.

விம்மல் மைத்துனனையும் தொற்றிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் மாமா அவனை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. தங்கமான மனுஷன் என்று இப்போது ஊரறியச் சொல்கிறார். அது தன்னையல்ல என்பது அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துவிட்டது.

"சார்!" என்று இரு கைகளையும் விரித்தான். மோதிரம் பறந்து எங்கோ விழுந்தது. "இந்த நல்ல மனசுக்காக என் கடை வாசலை முழுசா எடுத்துக்குங்க! ஒரு வேன்கூட இனிமே அங்க நிக்காது!"

கைதட்டலில் கூரையே அதிர்ந்தது. கடைக்காரர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். அது வேறு கடை நாற்காலி, தாங்கிக்கொண்டது.

பாதை வந்தது. பச்சை வர்ணம் அடித்து, பளபளவென்று, கடை வாசலை ஒட்டிப் போயிற்று. வேன்கள் அடுத்த தெருவில் நின்றன. வியாபாரமும் அடுத்த தெருவோடு நின்றது. தினமும் காலையில் பல் டாக்டர் மணியடித்துக்கொண்டு கடந்து போகும்போது, கடைக்காரர் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். கட்டைப் பிரித்துவிட்ட பிறகும் கொஞ்சம் நொண்டினார், கவலையில்.

ஒரு நாள் அவர் வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது, பச்சைப் பாதையில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. மேலே தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய சாமான். எந்த நெரிசலிலும் மாட்டாமல் நேராகக் கடை வாசலிலேயே நின்றது.

"மாமா!" என்று மைத்துனன் துள்ளினான். "பார்த்தீங்களா? சோபாவைச் சைக்கிள் வண்டியிலேயே ஏத்தலாம், இறக்கலாம்! வேனே வேண்டாம்! இந்தப் பாதை நமக்கு நல்லதுதான்!"

கடைக்காரர் மனதில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. மைத்துனனைக் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார்.

வண்டிக்காரர் இறங்கித் தார்ப்பாயை உருவினார். காபி நிறத்தில் பூப்போட்ட சோபா ஒன்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

எங்கிருந்தோ தூசி தட்டும் துணி கடைக்காரர் கைக்கு வந்துவிட்டது. குனிந்து கதவின் கைப்பிடியைத் துடைத்தபடி சொன்னார்:

"முதலாளி ஊர்ல இல்லீங்க. வந்ததும் சொல்றேன்."

"இதையே சொல்லித்தானே போன வருஷம் அதிகாரி ஐயாவை நீங்க திருப்பி அனுப்பினீங்களாம், அதான் முதலாளி ஊர்லதான் இருக்காருன்னு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேட்டு வாங்கிட்டு அப்புறமா இந்த சோபாவை அனுப்பியிருக்காரு" என்றார் வண்டிக்காரர்.