பாவிக்கலாம் நானாவும் சிவப்புக் குறி விழுந்த திரையும்

இந்தத் தீவில் இதுவரை எந்தப் பொருளும் பழுதாகிப் போனதே இல்லை என்று நம்புகிற ஒரே மனிதர் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வசிக்கிறார். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பாவித்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் காவலாளி முதல் பணிப்பாளர் வரை அவரை 'பாவிக்கலாம் நானா' என்றே அழைத்தார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்.

பெயர் வந்த வழி இது. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று உத்தியோகத்தர் கொண்ட சபை ஒன்று அலுவலகப் பொருட்களைச் சுற்றிப் பார்த்து, உதவாதவற்றின் மேல் சிவப்புப் பெயின்றால் பெருக்கல் குறி போடும். குறி விழுந்த பொருள் களஞ்சியத்தை விட்டு வெளியேற வேண்டும். அது விதி. பல வருடம் அந்தத் தூரிகை என் கையில்தான் இருந்தது. நானா எங்கள் மின்திருத்துநர். நான் தூரிகையை ஓங்கும்போதெல்லாம் பின்னால் நின்று, "சேர், அது பாவிக்கலாம்" என்பார்.

ஒருமுறை மூன்று கால் கதிரை ஒன்றைக் காட்டினேன்.

"மூலையில சாத்தி வச்சாப் பாவிக்கலாம் சேர். மெலிஞ்ச ஆக்கள் இருக்கலாம்."

ஓர் இறக்கை கழன்ற மின்விசிறியைக் காட்டினேன்.

"காத்து வருதுதானே."

காற்று வந்தது உண்மை. விசிறியும் கூடவே வரப் பார்த்தது. அதற்குக் கீழே இருந்த எழுதுவினைஞர் ஒரு கிழமை முழுதும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தோடு கோப்புப் பார்த்தார்.

இப்போது நாங்கள் இருவருமே ஓய்வூதியர். என் வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இடது கண் வரிசையில் நிற்கிறது. அதுவரை சின்ன எழுத்தைப் பார்க்கவே கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் தந்த மடிக்கணினியின் திரையோ பாடசாலைக் கொப்பி அளவு. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு சொல்லே நிற்கும். பெரிய திரை இல்லாவிட்டால் பத்திரிகையில் நீங்கள் வாசிக்கும் இந்தப் பத்தியை நிறுத்த வேண்டியதுதான். ஓய்வுக்குப் பிறகு என்னிடம் மிஞ்சிய வேலை இது ஒன்றுதான்.

புதுத் திரை ஒன்று எடுப்பதென்று தீர்மானித்தேன். மேசையில் இடம் வேண்டுமே. அங்கே மகள் விட்டுப்போன ஓல்-இன்-வன் இருந்தது, கணினியும் திரையும் ஒரே பெட்டியாக. தொடங்குவதற்கே அரை மணித்தியாலம் எடுக்கும். பழக்கதோஷத்தில் அதன் முதுகில் சிவப்புக் குறி போட்டுப் படலையடியில் வைத்தேன். ஒரு மான் வந்து முகர்ந்து பார்த்தது. எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான் கடதாசிப் பெட்டியைக்கூடத் தின்னும். அதுவே வேண்டாமென்று போய்விட்டது. பின்னாலேயே நானா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சேர், இந்தத் திரைக்கு என்ன குறை?"

"திரைக்குக் குறையில்லை நானா. மிச்சமெல்லாம் குறை."

"அப்ப திரையைப் பாவிக்கலாம். உங்கட சின்னக் கொம்பியூட்டருக்கு மொனிட்டராப் போடுவம்."

"வேண்டாம்."

அதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி, "நானா, பிளேன்ரீ போடட்டா?" என்று கேட்டுவிட்டாள். பெட்டி அவர் தோளில் ஏறி வீட்டுக்குள் திரும்பி வந்தது.

நான் கையேட்டை முதற்பக்கத்திலிருந்து வாசிப்பவன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வாசித்தேன். பெட்டியின் பின்னால் இருக்கும் துவாரம் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது. மடிக்கணினியின் துவாரமும் அப்படியே. வயர் போட்டு இணைத்தால் இரண்டும் பேசும், கேட்க ஆளிருக்காது. இதை நானாவிடம் சொன்னேன்.

"ஓட்டை ஒண்டுதானே சேர். போறது வாறது எல்லாம் அதாலதான்."

"தியேட்டர்ல வெளிய போற வாசலால உள்ளுக்குப் போகேலுமா?"

"நான் எப்பவும் அதாலதானே போனனான்."

மூன்று விதமான வயர் போட்டுப் பார்த்தார். திரை இருண்டே கிடந்தது.

அடுத்த முறை வயர் இல்லாமல் வைஃபை வழியாக அனுப்பினார். படம் வந்தது. நான் ஓர் எழுத்தை அடித்தேன். மூவரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். நானா தேநீரைக் குடித்து முடித்தார். எழுத்து வந்து சேர்ந்தது. பாலங்கள் வருமுன் துறைக்குத் துறை படகுக்குக் காத்து நின்று தரைவழியாக மூதூருக்குப் போனவர்களுக்கு அந்தப் பயணம் புரியும்.

"வந்திட்டுது, பாத்தீங்களா?"

"ஓம் நானா. ஆனா என்ர கட்டுரை செவ்வாய்க்கிழமை போகவேணும்."

பிறகு திருப்புளியை எடுத்தார். "பிளக்கைக் கழட்டினீங்களா?" என்று நான் மூன்று தரம் கேட்டேன். பெட்டியைப் பிரித்துத் திரைத்தகட்டை மட்டும் வெளியே எடுத்தார். அதன் முதுகில் பொடி எழுத்தில் ஓர் இலக்கம். அந்த இலக்கத்துக்குப் பொருந்தும் கட்டுப்பாட்டுப் பலகையை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் திரை வெறும் மொனிட்டராகிவிடுமாம். மனைவி வாசித்தாள், நான் எழுதினேன், நானா சரிபார்த்தார். பலகை வர இரண்டு கிழமை. அதுவரை சாப்பாட்டு மேசையில் திரை கிடந்தது. நாங்கள் குசினியில் சாப்பிட்டோம். பத்திரிகையின் கைவசமிருந்த என் இரண்டு கட்டுரைகளும் அச்சாகி முடிந்தன. ஆசிரியர் தொலைபேசியில் என் சுகம் விசாரித்தார். ஆசிரியர்கள் சுகம் விசாரிப்பதன் பொருள் எனக்குத் தெரியும்.

பலகை வந்தது. நானா பகல் முழுதும் இருந்து தகட்டையும் பலகையையும் பழைய பெட்டிக்குள்ளேயே பூட்டினார். மின் ஆளியைப் போட்டோம். அகலமான, வெளிச்சமான, அழகான படம். தலைகீழாக.

தகட்டை மேல்கீழாகத் திருப்பிப் பூட்டியிருந்தார். பூட்டியதோடு நிற்காமல் சுற்றிவரப் பசையும் போட்டிருந்தார். இனிக் கழற்றினால் தகடு வெடிக்கும்.

நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. திருப்புளியைத் துணியில் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"ஏலாது சேர். நீங்க குறி போட்டது சரிதான்."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று எவ்வளவோ ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது கேட்டபோது ஏனோ பிடிக்கவில்லை.

"இருங்கோ நானா" என்றேன். கையேட்டு ஆசாமிக்கும் ஒரு நாள் வருமல்லவா. மடிக்கணினியின் அமைப்புக்குள் போய், திரையின் திசையைத் தலைகீழ் என்று மாற்றினேன். படம் புரண்டு நிமிர்ந்தது. நான் எப்போதோ பாதியில் விட்ட கட்டுரை, ஒவ்வோர் எழுத்தும் நெல்லிக்காய் அளவில், எதிரே நின்றது.

அந்தச் சொல் என் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மனைவி சொல்லிவிட்டாள்.

இதையும் அந்தத் திரையில்தான் எழுதுகிறேன். முதுகில் என் சிவப்புக் குறி அப்படியே இருக்கிறது. நானா புதன்கிழமை தோறும் பரிசோதனைக்கு வருகிறார்.

"ஏதும் குறை இரிக்கா சேர்?"

"வலப்பக்க மேல் மூலை கொஞ்சம் மங்கல், நானா."

"அப்பிடியா. அடுத்த கிழமையும் வந்து பாப்பம்."

என் சேவைக்காலம் முழுவதிலும் ஒரு பொய் அறிக்கையில் நான் கையெழுத்திட்டதில்லை. அந்த மூலை பளிச்சென்றுதான் இருக்கிறது.