தத்தளிப்போருக்கான விதிமுறைகள்

அந்த ஊரில் வசதி வந்தவர்கள் ஒரு காலத்தில் ஓடினார்கள். யாரும் துரத்தாமலேயே, விலை உயர்ந்த ஷூ மாட்டிக்கொண்டு விடியற்காலையில் மூச்சிரைக்க ஓடினார்கள். ஓட்டம் சலித்ததும் சைக்கிள் வந்தது. சைக்கிளைவிட சைக்கிள் டிரவுசருக்கு அதிகம் செலவாகும் என்று தெரிந்தபின், கௌரவமானவர்கள் எல்லோரும் அதில் ஏறினார்கள். பேப்பர்காரரிடமும் சைக்கிள் இருக்கிறதே என்று ஒருநாள் யாருக்கோ உறைத்துவிட, அதுவும் மதிப்பிழந்தது. அப்போதுதான் ஊருக்கு வெளியே சிவனே என்று கிடந்த ஏரி எல்லோருடைய ஞாபகத்துக்கும் வந்தது. பாய்மரப் படகு கிளப் பிறந்தது.

கிளப் பிறந்த மறுவாரமே அதற்கு விதிமுறைக் குழு பிறந்தது. படகுகள் அதற்கப்புறம்தான் வந்தன.

குழுவின் தலைவர், ஓய்வு பெற்ற பதிவுத்துறை அதிகாரி. பணியில் இருந்த காலமெல்லாம் எதையும் முதல் தடவையில் பதிவு செய்யாதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் தலை சுற்றும். ஆனால் வாயைத் திறந்தால் ஷரத்து, உட்பிரிவு, பின்னிணைப்பு என்று வந்துகொண்டே இருக்கும். அதனால் எல்லோரும் அவரை 'உட்பிரிவு' என்றே அழைத்தார்கள். அதைப் பட்டம் என்று நினைத்து அவரும் சந்தோஷப்பட்டார்.

இந்தக் கிளப்பில்தான் பல் டாக்டரம்மா சேர்ந்தார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷிக்கு வாரத்தில் ஒருநாளாவது வானத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குமேல் அவருக்கு எந்த லட்சியமும் இல்லை. பழைய படகொன்றை வாங்கினார். ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகு. விழுந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, காற்று எந்தப் பக்கம் திரும்பினால் பாயை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். குளியலறை ஷவரைத் திறக்கும்போதே ஒதுங்கி நின்றுகொள்ளும் ஜாக்கிரதைக்காரர்.

"நீச்சல் தெரிஞ்சவங்கதான் தண்ணியில சாகறாங்க. என்னை மாதிரி ஆள் தண்ணிகிட்டயே போறதில்லை, சாகறதுமில்லை" என்பது அவருடைய வாதம்.

"காத்து முகத்துல அடிக்கும்போது பல்வலியே உலகத்துல இல்லாத மாதிரி இருக்குங்க" என்பார் டாக்டரம்மா.

"அப்படி ஆயிட்டா நாம சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்பார் அவர்.

ஆண்டுக் கோப்பைப் போட்டி வந்தது. காலையில் அருமையான காற்று. படகுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடுவது போல் துள்ளின. ஆனால் விதிமுறைகளை முழுவதும் வாசித்துக் கேட்காமல் யாரும் படகில் ஏறக்கூடாது என்பது விதி. உட்பிரிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "'படகு' என்பது படகைக் குறிக்கும். 'நீர்' என்பது ஏரியில் உள்ள நீரை மட்டும் குறிக்கும், குடிநீரைக் குறிக்காது" என்ற இடத்துக்கு வந்தபோது காற்று தளர்ந்தது. பின்னிணைப்பு தொடங்கியதும் அது பொறுமையிழந்து வேறு ஊருக்குப் போய்விட்டது. வாசிப்பு முடிந்தபோது ஏரி, எண்ணெய் ஊற்றி வைத்த தட்டு மாதிரி கிடந்தது.

காற்றில்லாததால் போட்டி தள்ளிவைக்கப்படுவதாக அறிவிக்கும் கொடி ஏற்றப்பட்டது. காற்றில்லாததால் அந்தக் கொடி பறக்கவில்லை. பறக்காத கொடி செல்லாது. கடைசியில் மீட்புப் படகை ஓட்டும் டிரைவர் ஸ்டூல் போட்டு ஏறி, கொடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டம் நிலைநாட்டப்பட்டது.

மதியத்துக்கு மேல், போன காற்று கோபத்தோடு திரும்பி வந்தது. ஹாரன் ஊதியதும் படகுகள் சீறிக்கொண்டு கிளம்பின. டாக்டரம்மாவின் கிழட்டுப் படகு எல்லோரையும் முந்தியது. முதல் மிதவையைச் சுற்றி, இரண்டாவது மிதவையைச் சுற்றி, எல்லைக்கோட்டைப் பார்த்து அவர் திரும்பியபோதுதான் பின்னால் ஒரு 'தொபேல்' சத்தம் கேட்டது.

டைல்ஸ்காரர் கவிழ்ந்திருந்தார். ஊரில் பாதி வீடுகளின் தரை அவர் கடையிலிருந்து வந்ததுதான். கிளப்பிலேயே விலை கூடிய படகு அவருடையது. வெள்ளை பேண்ட், காலுறை இல்லாத ஷூ, கயிறு கட்டிய கறுப்புக் கண்ணாடி என்று பார்க்க லட்சணமாக இருப்பார். லைஃப் ஜாக்கெட்டும் உயர்ந்த ரகம்தான். ஆனால் பக்கிளை மாட்டினால் தொப்பை தெரிகிறது என்று மாட்டாமல் விட்டிருந்தார். இப்போது ஜாக்கெட் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் மிதந்தார்கள். ஜாக்கெட்தான் நன்றாக மிதந்தது.

கரையில் டிரைவர் மோட்டாரைக் கிளப்பினார். உட்பிரிவு கையைக் காட்டித் தடுத்தார். அவர் ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்ததால், அடுத்து நடந்த பேச்சு ஏரி முழுக்கக் கேட்டது.

"எங்கே போறீங்க?"

"சார், ஆள் முங்கறாரு சார்!"

"உதவி வேணும்னா அவர் மஞ்சள் கொடி காட்டணும்."

"கொடி படகுல இருக்கு. படகு தண்ணிக்கு அடியில இருக்கு."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"கையை ஆட்டறாரு பாருங்க சார்!"

"ஒரு கையை ஆட்டினா 'நலம்'னு அர்த்தம்."

"ரெண்டு கையையும் ஆட்டறாரே!"

"மிக்க நலம்."

டிரைவருக்கு அழுகை வந்துவிட்டது. "ஆபத்துன்னு கண்ணுக்குத் தெரியுது சார்."

"உங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதாது. ஆபத்துன்னு முடிவு பண்ண வேண்டியது ஆபத்துத் துணைக்குழு. அதோட அமைப்பாளர் கையெழுத்துப் போடணும்."

"அமைப்பாளர் யாரு சார்?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "டைல்ஸ்காரர்தான்."

"அப்போ அவரைக் கரைக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கலாம் சார்!"

"கரைக்குக் கொண்டுவரத்தானே கையெழுத்தே வேணும்?"

"தலைக்கு மேல போயிடுச்சு சார். இனிமே சாண் என்ன, முழம் என்ன?"

"சாண், முழம் ரெண்டும் பின்னிணைப்புல வரையறுக்கப்பட்டிருக்கு" என்றது ஒலிபெருக்கி.

டாக்டரம்மாவுக்கு எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சுக்கானைத் திருப்பினார். எதிர்க்காற்றில் படகை வளைத்து வளைத்து ஓட்டி, எப்படியோ இரண்டாவது மிதவையை எட்டி ஒரு கையால் கட்டிக்கொண்டு தொங்கிய டைல்ஸ்காரரை நெருங்கினார். வெள்ளை பேண்டின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிப் பழகிய கை. ஆள் மேலே வந்தார். குப்புறப் போட்டு முதுகில் நாலு தட்டுத் தட்டியதும், ஏரியில் பாதி வெளியே வந்தது.

அன்று அந்த அம்மாவின் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கைக்குள் ஓர் உயிர் இருமிக்கொண்டிருக்கிறது. இதைவிட நல்ல சத்தம் எதையும் அவர் கேட்டதில்லை.

மறுநாள் அவருக்கு விசாரணை.

"ரெண்டாவது மிதவையை உங்க படகு தொட்டுச்சா?" என்றார் உட்பிரிவு.

"தொட்டுச்சு. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தானே அவர் தொங்கினார்?"

டைல்ஸ்காரர் துள்ளி எழுந்தார். "நான் தொடலை! அதுதான் என்னைத் தொட்டுச்சு!"

"குறித்துக்கொள்ளப்பட்டது. டாக்டரம்மா, நீங்க கிளம்பும்போது படகுல ஒரு ஆள். திரும்பும்போது ரெண்டு ஆள். கூடுதல் ஆள் எங்கேர்ந்து வந்தார்?"

"ஏரியிலேர்ந்து."

"ஏரியிலேர்ந்து ஆள் ஏத்த முன் அனுமதி வாங்கினீங்களா?"

டாக்டரம்மா டைல்ஸ்காரரைப் பார்த்தார். நன்றியுள்ள முகம் ஒன்றை எதிர்பார்த்தார். டைல்ஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். ஆட்சேபணை மனு. தான் போட்டியிலிருந்து விலகவே இல்லை என்றும், காற்று அடித்த திசையில் எல்லைக்கோட்டை நோக்கி மிதந்துகொண்டிருந்த தன்னை டாக்டரம்மா வலுக்கட்டாயமாகப் போட்டியிலிருந்து அகற்றிவிட்டார் என்றும் அதில் கண்டிருந்தது.

"யோவ், செத்திருப்பீங்களே!" என்றார் டாக்டரம்மா.

"உயிரைக் காப்பாத்தினதுக்கு ரொம்ப நன்றிம்மா. அது வேற. ஆட்சேபணை வேற. படிச்சவங்க நீங்க, ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஒரு வருஷம் ஏரியில் இறங்கத் தடை. மற்ற படகுகளெல்லாம், வேடிக்கை பார்க்க வேகத்தைக் குறைத்த குற்றத்துக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. போட்டி நாளன்று எந்த விதியையும் மீறாத படகு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கிளப் செயலாளருடையது. மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கோப்பை அதற்குக் கிடைத்தது.

அன்றிரவு டாக்டரம்மா சாப்பிடவில்லை. "கோப்பை போனா போகட்டுங்க. எனக்கு இருந்தது ஒரு ஞாயித்துக்கிழமை. அதையும் பிடுங்கிட்டாங்களே" என்று கண் கலங்கினார்.

"விட்டுத் தொலை. தண்ணியோட சகவாசமே வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த அம்மா விடவில்லை. விதிமுறைப் புத்தகத்தை வாங்கி வந்து படிக்க ஆரம்பித்தார். நோயாளிகள் வாயைப் பிளந்தபடி காத்திருக்க, அவர் ஓரமாக நின்று உட்பிரிவுகளைப் புரட்டினார். படித்து முடித்துவிட்டு மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டு அதிகாரியும் உட்பிரிவுதான்.

"விதிப்படி, சம்பவம் நடந்த அந்த நிமிஷமே 'ஆட்சேபணை'ன்னு உரக்கக் கத்தணும். டைல்ஸ்காரர் கத்தினாரா?" என்றார் டாக்டரம்மா.

"கத்தினேன்! 'ஆ'ன்னு கத்தினேன். மிச்சத்தைச் சொல்றதுக்குள்ள தண்ணி வாயில போயிடுச்சு" என்றார் டைல்ஸ்காரர்.

"அது ஆட்சேபணையோட 'ஆ' இல்லை. ஆபத்தோட 'ஆ'. அப்போ அவர் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தது நான். வாயைப் பார்க்கறதுதான் என் தொழில். ஆட்சேபணைன்னா அடுத்தது 'ட்'. நாக்கு மேலே மடங்கி அண்ணத்தைத் தொடணும். அவர் நாக்கு படுத்தே கிடந்துச்சு. உதடு மூடித் திறந்துச்சு. உதடு மூடாம 'ப' வராது. வேணும்னா எல்லாரும் சொல்லிப் பாருங்க."

அவையிலிருந்த அத்தனை பெரிய மனிதர்களும் "ஆட்... ஆப... ஆட்... ஆப..." என்று சொல்லிப் பார்த்தார்கள். உட்பிரிவு கைக்கண்ணாடி கேட்டு வாங்கித் தன் நாக்கைப் பரிசோதித்துக்கொண்டார்.

"ஆக, ஆபத்துத் துணைக்குழுவோட அமைப்பாளரே தன் வாயால ஆபத்துன்னு அறிவிச்சிருக்கார்" என்று முடித்தார் டாக்டரம்மா. "அறிவிச்ச பிறகு காப்பாத்தினது விதிப்படி சரி. நீங்க காப்பாத்தாம நின்னீங்களே, அதுதான் விதிமீறல்."

அவை கைதட்டியது. டைல்ஸ்காரர்கூடத் தட்டினார். தடை நீங்கியது. கோப்பை கை மாறியது. உட்பிரிவுக்கு அவமானம் துளியும் இல்லை. வாரிசைக் கண்டுகொண்ட மன்னர் மாதிரி ஆனந்தக் கண்ணீர் விட்டு, டாக்டரம்மாவை விதிமுறைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு அன்று நாக்கில் ஒரு ருசி ஒட்டிக்கொண்டது. ஏரியில் ஜெயித்தால் வியர்வைதான் மிஞ்சும். அறைக்குள் ஜெயித்தால் எதிராளியின் முகம் சுருங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அடுத்த ஞாயிறு கூட்டம் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு துணைக்கூட்டம். கிழட்டுப் படகுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, தவளை முட்டையிட்டது.

மற்றவர்களும் சளைக்கவில்லை. எல்லோரும் புத்தகம் வாங்கினார்கள். மறுவருஷக் கோப்பைப் போட்டியன்று ஹாரன் ஊதுவதற்கு முன்பே எல்லோரும் எல்லோர் மேலும் ஆட்சேபணை கொடுத்துவிட்டார்கள். ஒரு படகும் நகர முடியவில்லை. விதிமுறைக் குழு அவசரமாகக் கூடியது.

"இத்தனை வருஷப் பிரச்சினையையும் ஆராய்ஞ்சு பார்த்தேன். எல்லாத்துக்கும் காரணம் படகுதான்" என்றார் டாக்டரம்மா. "படகு இருக்கறதாலதான் கவிழுது, முட்டுது, மிதவையைத் தொடுது. ஆட்சேபணையை மட்டும் வச்சுக்கிட்டுப் படகை எடுத்துட்டா, போட்டி சுத்தமா இருக்கும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அப்படியாகப் படகுப் போட்டி கிளப்பின் கூடத்துக்குள் நடந்தது. உறுப்பினர்கள் வெள்ளை பேண்ட், கறுப்புக் கண்ணாடி, பக்கிள் மாட்டாத லைஃப் ஜாக்கெட் சகிதம் மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படகே இல்லாததால் பயமில்லாமல் மனைவியின் போட்டியைப் பார்க்க வந்திருந்தார் இன்சூரன்ஸ்காரர். முதல் தடவையாக லைஃப் ஜாக்கெட் அணிந்து, இது தனக்கு நன்றாக இருக்கிறதென்று கண்டுகொண்டு, அங்கேயே உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டார். கடைசிச் சுற்றில் டாக்டரம்மாவும் டைல்ஸ்காரரும் மோதினார்கள். டாக்டரம்மா பின்னிணைப்பை எடுத்து வீசியதில் டைல்ஸ்காரர் தத்தளித்துப்போனார். இந்தத் தடவை அவரைத் தூக்கிவிட யாரும் போகவில்லை.

உட்பிரிவு கோப்பையைக் கையில் எடுத்த அந்த நேரத்தில், வெளியிலிருந்து டிரைவர் ஓடிவந்து ஜன்னலைப் படாரென்று திறந்தார்.

"அம்மா! சார்! வெளியில வந்து பாருங்க. இப்படியொரு காத்து அடிச்சு எத்தனை நாளாச்சு! படகெல்லாம் துள்ளுது!"

காற்று உள்ளே புகுந்தது. தலைமுடியைக் கலைத்தது, முகத்தில் அடித்தது, மனுக்களை வாரி உத்தரத்துக்கு வீசியது. எல்லோரும் பதறி எழுந்தார்கள். முதலில் குரல் கொடுத்தவர் டாக்டரம்மாதான். நாக்கு மேலே மடங்கி அண்ணத்தைத் தொட, உரக்கத் தெளிவாகக் கத்தினார்:

"ஆட்சேபணை!"

"ஆட்சேபணை! ஆட்சேபணை!" என்றது கூடம் முழுவதும்.

உட்பிரிவு அங்கேயே விசாரித்தார். பதிவு செய்யாமல் நுழைந்தது, முன்னறிவிப்பின்றி வேகம் கூட்டியது, நடுவரின் காகிதத்தைத் தொட்டது என்று மூன்று குற்றங்களும் நிரூபணமாயின. காற்று ஆயுள் முழுவதற்கும் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. இன்சூரன்ஸ்காரர் எழுந்து போய், டிரைவரை வெளியிலேயே விட்டு, ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

உள்ளே புழுக்கமாகத்தான் இருந்தது. ஃபேன் போடலாமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.