முகப்பூச்சு காயும் வரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அக்காவின் சௌக்கியத்தையும் எழுதலாம் என்றால், அவள் முகத்தைப் பார்த்தே பல நாளாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, வண்டி வருகிறது, வண்டி தாமதம் என்று வாழ்நாள் முழுக்க அறிவித்தவன் நான். ஓய்வு பெற்றதும், இனி ஊருக்கெல்லாம் பேச வேண்டாம், ஒருத்தியிடம் பேசினால் போதும் என்று எவ்வளவு ஆசையோடு வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போடுவேன். அவ்வளவுதான், எழுந்து சமையலறைக்குள் போவாள், திரும்பும்போது முகமெல்லாம் பப்பாளி. இயற்கை முகப்பூச்சாம். போனில் யாரோ ஒரு பெண் சொல்லித் தருகிறாளாம். பூசினால் காயும் வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, மீறினால் முகத்தில் கோடு விழுந்துவிடுமாம். நான் அரசியல், மழை, முழங்கால் வலி எல்லாம் பேசி முடிப்பேன். அவள் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டுவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சைகையால் வந்த வினையைக் கேளுங்கள். ஒருநாள் முகத்தில் கடலை மாவும் தயிருமாக உட்கார்ந்துகொண்டு சமையலறைப் பக்கம் வேகமாகக் கையைக் காட்டினாள். காபி வேண்டுமா என்று கேட்கிறாளாக்கும் என்று நெகிழ்ந்துபோய், "அப்புறம் குடிக்கிறேன், நீ உட்காரும்மா" என்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து தரையெல்லாம் ஓடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அதையும் நான்தான் துடைத்தேன், துடைத்துக்கொண்டே பேசினேன். முட்டைக் கதை இன்னும் மோசம். டாக்டர் எனக்கு வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்கரு மொத்தமும் உங்கள் அக்காவின் கன்னத்துக்குப் போகிறது, மஞ்சள்கரு என் தட்டுக்கு வருகிறது. அவள் தோல் பளபளக்கிறது, என் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது, ஓட்ஸும் தேனும் கழுவிக் கழுவி வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. பிளம்பரைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்த உங்கள் அக்காவின் வேப்பிலை அப்பிய பச்சை முகத்தைப் பார்த்து அவர் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். "சார், வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று ரகசியமாகக் கேட்டார். பாவம், நல்ல மனிதர். அவரிடம்தான் மனம்விட்டுப் பேசினேன். வேலை முடிந்தும் பேசினேன். மறுநாள் மறுபடி அடைத்துக்கொண்டபோது வேறு ஆளை அனுப்பிவிட்டார்.

உங்கள் மருமகள் லீவுக்கு வந்தாள். பெண்ணாவது கேட்பாள் என்று, சிக்னல் பழுதாகி எல்லா வண்டியும் நின்றுபோன அந்த நாளின் கதையை ஆரம்பித்தேன். "ஒரு நிமிஷம்ப்பா" என்று போனவள் காபித்தூளைக் குழைத்து அப்பிக்கொண்டு வந்தாள். அம்மாவும் பெண்ணும் கண்ணில் வெள்ளரிக்காய் வேறு வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார்கள். வாயும் மூடியாயிற்று, கண்ணும் மூடியாயிற்று. அந்த ஒற்றை விரலைப் பார்க்கக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லை.

இதையெல்லாம் அழகு மோகம் என்றுதான் நினைத்திருந்தேன், மாப்பிள்ளை. நேற்று மின் கட்டணம் கட்டக் கிளம்பியவன் கண்ணாடியை மறந்து திரும்பி வந்தேன். உங்கள் அக்கா சுத்தமான முகத்தோடு யாரிடமோ போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு, மேஜையில் இருந்த கிண்ணத்தில் கையை விட்டு அள்ளி அப்பிக்கொண்டாள். அது முகப்பூச்சு இல்லை. மதியத்துக்கு மசித்து வைத்த உருளைக்கிழங்கு, உப்பும் மிளகும் போட்டது. கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டுகிறது, மூக்கு சிவந்துவிட்டது, அப்படியும் வாயைத் திறக்கவில்லை. மிளகு எரிச்சலைத் தாங்குகிறாள், என் பேச்சைத் தாங்க முடியவில்லை. மின் கட்டணமும் கட்டவில்லை, மதியம் சாப்பிடவும் இல்லை.

உங்கள் பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாள். உடனே கிளம்பி வந்து நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லுங்கள். இந்த வயதில் நான் பேச வேறு யார் இருக்கிறார்கள்? தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடும், பேச்சுத் துணையோடும் வாழட்டும்.

இப்படிக்கு,
வாயிருந்தும் ஊமையான உங்கள் அத்தான்

பி.கு: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு சந்தேகம். பூச்சு போட்டால் உண்மையிலேயே பேச முடியாதா என்று பார்க்க, இன்று காலை நானே கடலை மாவைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் அக்கா வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "நீங்க ரிட்டயர் ஆனதும் சொல்லணும்னு எவ்வளவோ சேர்த்து வெச்சிருந்தேங்க. வந்த நாள்லேருந்து நீங்களே பேசுறீங்க" என்று ஆரம்பித்தவள்தான். குடியிருப்போர் சங்கத்துக்கு அவளைச் செயலாளராக்கி இரண்டு மாதமாகிறதாம். ஒரு கண் மங்கலாகத் தெரிகிறதாம், தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாளாம், பயமாக இருந்ததாம். இடையில் நான் வாயைத் திறக்கப் போனேன், கன்னம் இழுத்தது, மூடிக்கொண்டேன். நெடுநேரம் கழித்து, "காஞ்சிடுச்சா? போய்க் கழுவிடுங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி காய்ந்திருந்தது. இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினேன். நீங்கள் வர வேண்டாம், மாப்பிள்ளை.