கடைசித் தாளைக் காணோம்

எங்கள் நூலகத்தை நவீனப்படுத்துவது என்று மேலிடம் முடிவு செய்தது. நவீனப்படுத்த அங்கே மூன்று விஷயங்கள் இருந்தன: ஒழுகும் கூரை, ஆடும் நாற்காலி, தூங்கும் கண்காணிப்பாளர். மூன்றையும் பத்திரமாக விட்டுவிட்டுப் புத்தகங்களை மாற்றினார்கள். இனி காகிதம் கிடங்குக்கு, மின்நூல் வாசகருக்கு. இரவல் போன புத்தகங்கள் எல்லாம் உடனே திரும்ப வேண்டும் என்று உத்தரவு பறந்தது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் ஒரு நர்ஸ். அவளும் கணவரும் ஒரு கொலை நாவலை மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆலை முதலாளிக்கு விஷம் வைத்தது டாக்டர் என்பது அவள் கட்சி. டிரைவர் என்பது அவர் கட்சி. தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும். தெரியும்வரை இருவரும் தேய்ப்பதில்லை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மின்நூல் படிக்கும் கருவி கேட்டு வந்து நின்றாள்.

"ஒரு சிக்கல் இருக்கும்மா," என்றார் கண்காணிப்பாளர். "ஒரு ஆளுக்கு ஒரு புத்தகந்தான் விதி. இந்தக் கருவியில மூவாயிரம் இருக்கு. குடுத்தா மிச்சம் அத்தனையும் விதிமீறல்."

"மத்ததை நான் தொடவே மாட்டேன் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

மேற்படி விவகாரம் மேலிடத்தின் கனிவான பரிசீலனைக்குப் போய், ஒரு கருவிக்கு ஒரு நூல் என்ற பொன்னான தீர்வோடு திரும்பியது. மற்றதையெல்லாம் அழித்தார்கள். கருவிகள் பன்னிரண்டு. ஆகவே எங்கள் நூலகம் பன்னிரண்டு நூல்களோடு நவீனமாயிற்று. நர்ஸ் கெஞ்சிய கெஞ்சலில் அவளுடைய நாவல் தப்பியது.

கருவியை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். திரை கறுப்பாகவே இருந்தது.

"சார், சார்ஜ் இல்ல. வயர் குடுங்க."

"வயரா? இத்தனை வருஷத்துல எந்தப் புத்தகத்துக்காவது வயர் குடுத்திருக்கோமா?"

"சரி, என் வயரைச் செருகிக்கறேன்."

"புத்தகத்துல எதையும் செருகக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே, பாக்கல? மயிலிறகையே நாங்க விடறதில்ல."

இந்த அநியாயத்தைக் கேட்டு எங்கள் வாசகர் சங்கம் பொங்கி எழுந்தது. "அந்தக் கண்ணாடியை மோந்து பாத்தா வாசனை வருமாய்யா? தடவினா சுகமா இருக்குமாய்யா?" என்று செயலாளர் கேட்டபோது கூட்டம் கண்கலங்கியது. காகிதத்தின் மணம், கையில் அதன் கனம், அலமாரியில் அடுக்கினால் வீட்டுக்கு வரும் களை, எல்லாவற்றையும் பற்றிப் பலர் பேசினார்கள். படிப்பதைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. பட்டப்பகலில் கிடங்கின் பூட்டை உடைத்தோம். ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினோம். மேலிடம் பயந்துபோய்ப் புத்தகங்களைத் திருப்பி அடுக்கச் சொன்னது.

நர்ஸ் முதல் ஆளாக ஓடி வந்து நாவலை எடுத்தாள். கடைசித் தாளைக் காணோம்.

சோர்ந்து போய்த் திரும்பியவள் வாசற்கதவில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தாள். "அச்சுப் புத்தகத்தைக் காப்போம்!" என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்து. அதன் அடியில், பின்பக்கத்து அச்சு மங்கலாகத் தெரிந்தது. விஷயம் சாதாரணம்தான். போராட்டத்தன்று தாள் தீர்ந்துவிட்டது. கிடங்குப் புத்தகங்களில் ஒரு பக்கம் வெற்றாக இருந்த கடைசித் தாள்கள் நிறையக் கிடைத்தன.

அவள் பாட்டில் தண்ணீரைத் தெளித்து, காயக்கட்டைப் பிரிக்கிற பக்குவத்தோடு மெல்ல உரித்தாள். பாதி வந்துவிட்டது.

"போஸ்டரைக் கிழிக்கிறா! புத்தக விரோதி!" என்று அலறினார் செயலாளர்.

அலறலில் கண்காணிப்பாளரே விழித்துக்கொண்டார். அதுவரை எலியும் பூனையுமாக இருந்த இருவரும் சேர்ந்து தாளைப் பிடுங்க, ஈரத்தாள் கூழாகிப் போனது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "டாக்டரா, டிரைவரா? அதை மட்டும் யாராவது சொல்லுங்க, நான் போயிடறேன்."

கண்காணிப்பாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

பிறகு கண்காணிப்பாளரும் செயலாளரும் கலந்து பேசி, அவளுடைய உறுப்பினர் அட்டையை ஏகமனதாக ரத்து செய்தார்கள். அவள் வீட்டில் பாத்திரம் இன்னும் தேய்க்கப்படவில்லை என்று கேள்வி. ஆனால் அன்று முதல் எங்கள் நூலகத்தில் எந்த வகைப் புத்தகத்துக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.