சுவருக்குக் காவல்

தபால்காரர் நாலு நாள் லீவு போட்டார். தன் கல்யாணத்துக்கே ரெண்டு நாள்தான் போட்டவர்.

எல்லாம் அவர் வீட்டுத் தெருப்பக்கச் சுவருக்காக. இருபத்தைந்து வருஷமாக அதில் குடைச் சின்னம்தான். அந்தக் குடைக்காக வாளிக் கட்சிக்காரர்களோடு மல்லுக்கு நின்று ஒரு பல்லைப் பறிகொடுத்தவர் அவர். போன வாரம் குடைத் தலைவரும் வாளித் தலைவரும் கட்டிப்பிடித்துக் கூட்டணி அறிவித்துவிட்டார்கள். குடைத் தலைவர் கொள்கையை மாற்றுவது இது நாலாவது தடவை. முந்தைய மூன்று தடவையும் தபாலோடு வீடு வீடாக விளக்கமும் கொடுத்தவர் இவர்தான். இனி விளக்கம் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

"இனிமே எந்தக் கட்சிக்காரனும் நம்ம சுவத்தைத் தொடக் கூடாது" என்றார் மனைவியிடம்.

"அப்ப இந்தச் சுவத்து வழியா சமையல்கட்டுல ஒழுகறது எப்படிங்க நிக்கும்? வெளியில அவ்வளவு பெரிய குடை. உள்ள நான் குண்டான் வெச்சுத் தண்ணி பிடிக்கறேன்."

"நான் கொள்கையைப் பத்திப் பேசறேன்."

"நான் விரிசலைப் பத்திப் பேசறேன்."

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் இங்க வாளி வராது!"

"சரி சரி. டீ ஆறுது, குடிங்க."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் கத்தரிக்கோல் கட்சிக்காரர்கள் வந்தார்கள், விரட்டினார். மறுநாள் தொப்பிக் கட்சி, விரட்டினார். மூன்றாம் நாள் ஒரு சுயேச்சை, தானே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. வாளியைப் பார்த்ததும் அவரையும் விரட்டினார். நிஜ வாளிக்காரர்கள் மட்டும் தலைகாட்டவே இல்லை. அந்தப் பயம் இருக்கட்டும் என்று பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டார்.

லீவு முடிந்தது. "அதான் எல்லாரையும் விரட்டியாச்சே, நிம்மதியா வேலைக்குப் போங்க" என்றாள் மனைவி.

சாயங்காலம் திரும்பினால், விரிசல் அடைபட்டு, சுவர் பளிச்சென்று வெள்ளையடித்து, நடுவில் ஆள் உயரத்துக்கு வாளி. ஓரமாக, உள்ளங்கையளவு குடை.

சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

"முதல்ல சிமெண்டு, அப்புறம்தான் சின்னம்னு சொன்னேன்" என்றாள் மனைவி. "குடைக்காரங்க விரிசல் மேலயேதான வரைஞ்சாங்க. இவங்கதான் ஒத்துக்கிட்டாங்க."

"எப்ப பேசின?"

"நீங்க நாற்காலி போட்ட அன்னிக்கே."

சுவரில் எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார். சிமெண்டு வர நாலு நாள் ஆகும், அதுக்குள்ள வேற எவனாவது எழுதிடுவானேன்னு பயந்தோம். 'கவலையே படாதீங்க, உங்களுக்காக அவர் லீவு போட்டுக் காவல் இருக்கார்'னு அம்மாதான் சொன்னாங்க."